ரத்தத்தைப் பேச வைத்த மாக்ஸ் டைலர்

கொச்சியிலிருந்து ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குக் கப்பலேறும் மாலுமிகளிடம் பாஸ்போர்ட்டுடன் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு அட்டையும் இருக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டதற்கான சான்று அது. நைஜீரியா, கானா, உகாண்டா என்று பிழைப்புத் தேடிப் போகும் நம்மவர்களுக்கும் அந்த அட்டை தேவை. அது இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பி வந்தால், வீட்டுக்குப் போக விடாமல் 6 நாட்கள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.

அந்த ஊசி மருந்தை உலகுக்குத் தந்தவர் டாக்டர் மாக்ஸ் டைலர். அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால் ஊசிக்கு முன்பே அவர் செய்த ஒரு காரியம் உண்டு. கொசுவால் பரவும் ஒரு வைரஸ் காய்ச்சல் ஒரு மனிதனுக்கு எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்பதை அவனுடைய ரத்தத்திலிருந்தே அறியும் எளிய, செலவு குறைந்த பரிசோதனைக்கு அவர்தான் வழி செய்தார். இன்று டெங்கு, சிக்குன்குனியா என்று ஆஸ்பத்திரியில் நம் கையில் ரத்தம் எடுக்கிறார்களே, அந்தச் சோதனைகளுக்கெல்லாம் அது மூத்த அண்ணன்.

ஒற்றைக் கையரின் மகன்

மாக்ஸ் டைலர் 1899 ஜனவரி 30-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் உள்ள பிரிட்டோரியா நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்விட்சர்லாந்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். தந்தை ஆர்னால்டு டைலர் கால்நடை மருத்துவர். புதிய நாட்டுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே பண்ணை இயந்திரத்தில் சிக்கி இடது கையை இழந்தவர். பிழைப்புக்கு வந்த இடத்தில் கை போனால் வேறொருவர் ஊர் திரும்பியிருப்பார். ஆர்னால்டு திரும்பவில்லை. மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோயை எதிர்த்துப் போராடிப் பெயர் பெற்றார். பிரிட்டோரியாவுக்கு அருகே ஆண்டர்ஸ்டபூர்ட் என்னும் இடத்தில் 1908-ல் தொடங்கிய புகழ் பெற்ற கால்நடை ஆராய்ச்சி நிலையம் அவர் உருவாக்கியதே. பிரிட்டிஷ் அரசு அவருக்குச் ‘சர்’ பட்டம் அளித்தது.

நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி மாக்ஸ். சோதனைக் குழாய்களும் நோயுற்ற கால்நடைகளும் அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கம். தமக்கை கெர்ட்ருடும் பின்னாளில் உண்ணி வகைகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த மாக்ஸ் மருத்துவம் படிக்கக் கேப்டவுன் சென்றதில் வியப்பில்லை.

பட்டம் கிடைக்கவில்லை

1919-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனார். அங்கே ஒரு சங்கடம் காத்திருந்தது. கேப்டவுனில் படித்த இரண்டு ஆண்டுப் படிப்பை லண்டன் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்க மாக்ஸுக்கு மனமில்லை. செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, 1922-ல் மருத்துவத் தொழில் செய்வதற்கான டிப்ளமோ வாங்கினார். வெப்ப மண்டல நோய்களைப் பற்றிய படிப்பையும் முடித்தார். எம்.டி. பட்டம் அவர் பெயருக்குப் பின்னால் கடைசி வரையில் சேரவில்லை. பட்டம் இல்லாத அந்த மனிதர்தான் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 1922-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் வெப்ப மண்டல நோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரி ஆண்ட்ரூ செல்லார்ட்ஸ். அவர் மூலமாகத்தான் மஞ்சள் காய்ச்சல் டைலரின் வாழ்க்கைக்குள் நுழைந்தது.

கப்பல்களை நடுங்க வைத்த நோய்

மஞ்சள் காய்ச்சல் வேறு, நம் ஊர் மஞ்சள் காமாலை வேறு. இந்தக் காய்ச்சலை வைரஸ் உண்டாக்குகிறது. வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அதைப் பரப்புகிறது. முற்றினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். கறுப்பாக ரத்த வாந்தி வரும். கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிர் போகும்.

ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் துறைமுகம் துறைமுகமாக இது மனிதர்களைக் கொன்றது. பனாமா கால்வாயை முதலில் வெட்ட வந்த பிரெஞ்சுக் கம்பெனி பல்லாயிரம் தொழிலாளர்களை இந்தக் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் பறிகொடுத்துப் பின்வாங்கியது. கொசுதான் காரணம் என்று கியூபா நாட்டு டாக்டர் கார்லஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னார். 1900-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீடு குழு அதை நிரூபித்தது.

காரணம் தெரிந்தும் ஒரு குறை இருந்தது. லேசாக வந்து போன மஞ்சள் காய்ச்சலையும் மற்ற காய்ச்சல்களையும் பிரித்தறிய வழியில்லை. ஜப்பானிய விஞ்ஞானி ஹிடேயோ நொகுச்சி ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று சொல்ல, உலகமே நம்பியது. டைலரும் செல்லார்ட்ஸும் சோதித்துப் பார்த்தார்கள். நொகுச்சி கண்ட கிருமி எலி மூத்திரத்தால் பரவும் வேறொரு காமாலை நோயின் கிருமியே என்று காட்டினார்கள். கேரளத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் என்கிறார்களே, அதே நோய்!

இந்தியக் குரங்கு

1927-ல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் டாக்டர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது கோல்டு கோஸ்ட் என்று பெயர் பெற்றிருந்த இன்றைய கானாவில், அசிபி என்ற 28 வயது இளைஞருக்குக் காய்ச்சல். அவர் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு குரங்குக்கு ஏற்றினார்கள். அசிபி பிழைத்துக்கொண்டார். குரங்கு செத்தது. மனிதன் அல்லாத ஒரு பிராணிக்கு அந்த நோயை உண்டாக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

அந்தக் குரங்கு ஆப்பிரிக்கக் குரங்கு அல்ல. நம் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டு போன செம்முகக் குரங்கு. ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு அந்த வைரஸ் பழகிப் போயிருந்தது. மஞ்சள் காய்ச்சலையே அறியாத நாட்டிலிருந்து போன குரங்குதான் அதற்குப் பலியானது.

இதன் பிறகு ரத்தப் பரிசோதனையும் குரங்கை வைத்தே நடந்தது. ஒருவர் ரத்தத்தின் தெளிநீரையும் வைரஸையும் குரங்குக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். குரங்கு பிழைத்தால் அந்த ஆளுக்கு முன்பே நோய் வந்திருக்கிறது என்று பொருள். ஆயிரம் பேரைச் சோதிக்க ஆயிரம் குரங்குக்கு எங்கே போவது? விலையும் அதிகம். கடிக்கும், பிறாண்டும். அதன் ரத்தத்தில் இருப்பதோ உயிர் கொல்லும் வைரஸ்.

ஆராய்ந்தவர்களே ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். அட்ரியன் ஸ்டோக்ஸ் 1927 செப்டம்பரில் லாகோஸ் நகரில் இறந்தார். 1928 மே மாதம் அக்ராவில் நொகுச்சி இறந்தார். அவர் உடலைச் சோதித்த வில்லியம் யங் அடுத்த சில நாட்களில் இறந்தார். 1929-ல் பிரேசிலில் பால் லூயிஸ். 1930-ல் மறுபடி லாகோஸில் தியோடர் ஹெய்ன். நோயைக் கண்டுபிடிக்கப் போனவர்களை நோயே தேடி வந்து கொன்றது.

சுண்டெலி காட்டிய வழி

பாஸ்டனில் டைலரிடம் குரங்கு வாங்கப் பணம் இல்லை. விலை மலிந்த பிராணியாக வெள்ளைச் சுண்டெலியை எடுத்துக்கொண்டார். சுண்டெலிக்கு இந்த நோய் வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தோலுக்கடியில் வைரஸை ஏற்றினால் அது சாவதில்லை. டைலர் வைரஸை நேராகச் சுண்டெலியின் மூளைக்குள் ஏற்றினார். சில நாட்களில் எலிகள் வலிப்பு கண்டு செத்தன.

கல்லீரலைக் கெடுக்கும் நோய் மூளையைத் தாக்குவதாவது என்று சிலர் நம்பவில்லை. டைலர் விடவில்லை. செத்த எலியின் மூளையிலிருந்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றி மாற்றி ஏற்றினார். எலி மூளையில் பழகப் பழக, அந்த வைரஸ் குரங்கின் கல்லீரலைக் கெடுக்கும் வலுவை இழந்து வருவதையும் கண்டார். 1929-ல் அவரையும் மஞ்சள் காய்ச்சல் பிடித்தது. ஐந்து பேரைக் கொண்டுபோன நோய் அவரை விட்டுவைத்தது. எழுந்ததும் மறுபடி எலிக்கூண்டுக்கே போனார். அதற்கு முந்திய ஆண்டுதான் லில்லியன் கிரகாமை மணந்திருந்தார்.

1930-ல் எலிச் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக்கூடம் அவரை அழைத்துக்கொண்டது.

சோதனை முறை இதுதான். ஒருவர் கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து உறைய வைத்தால் மேலே சீரம் என்னும் தெளிநீர் நிற்கும். அதனுடன் வைரஸைக் கலந்து சில சுண்டெலிகளுக்கு ஏற்ற வேண்டும். அந்த மனிதருக்கு எப்போதாவது மஞ்சள் காய்ச்சல் வந்திருந்தால், அவர் உடல் தயாரித்த எதிர்ப்புப் பொருள் சீரத்தில் இருக்கும். அது வைரஸை முடக்கிவிடும், எலி பிழைக்கும். வந்திருக்காவிட்டால் எலி சாகும். இருபது வருஷத்துக்கு முன் சிறு பிள்ளையில் வந்த காய்ச்சலாக இருந்தாலும் ரத்தம் மறப்பதில்லை. நியூயார்க்கில் வில்பர் சாயரும் ரே லாய்டும் 1931-ல் இந்த முறையை இன்னும் செப்பனிட்டார்கள்.

ஒரு குரங்கு நின்ற இடத்தில் ஒரு பெட்டி எலி. செலவு குறைந்தது. ஆபத்தும் குறைந்தது. ஆயிரக்கணக்கான பேரைச் சோதிப்பது முதல் தடவையாகச் சாத்தியமாயிற்று.

ரத்தத்தால் வரைந்த வரைபடம்

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியா என்று பல நாடுகளிலிருந்தும் சீரம் சோதனைக்குப் போனது. முடிவுகள் திடுக்கிட வைத்தன. மஞ்சள் காய்ச்சலே வந்ததில்லை என்று சொல்லப்பட்ட ஆப்பிரிக்க உட்பகுதிகளில்கூட மக்கள் ரத்தத்தில் அதன் தடயம் இருந்தது. டாக்டர் இல்லாத கிராமங்களில் யாருக்கும் தெரியாமல் நோய் வந்து வந்து போயிருக்கிறது. மற்றொரு பக்கம், ஆசியாவில் அந்த நோயின் தடயம் இல்லை.

இது இந்தியாவுக்கு நிம்மதி தந்தது. கூடவே பயமும் தந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா, கொச்சி எல்லா ஊர்களிலும் ஏடிஸ் கொசு இருக்கிறது. மக்கள் ரத்தத்திலோ எதிர்ப்பு இல்லை. காய்ந்த பனை ஓலை மாதிரி. ஒரு பொறி விழுந்தால் போதும். கப்பல் காலத்தில் பயணம் நீண்டதால் நோயாளி வழியிலேயே இறந்தார் அல்லது தேறினார். விமானம் வந்ததும் அந்தக் காவலும் போயிற்று. எந்த நாட்டிலிருந்து வருபவரிடம் சான்று கேட்பது என்று தீர்மானிக்க இந்தியா போன்ற நாடுகளுக்கு உதவியது அந்த எலிச் சோதனை வரைந்த வரைபடமே. மஞ்சள் காய்ச்சல் இன்று வரை இந்தியாவில் பரவவில்லை.

ஊசி பிறந்தது

நோயைக் கண்டறிவதோடு டைலர் நிற்கவில்லை. அசிபியின் ரத்தத்திலிருந்து வந்த அதே வைரஸைக் கோழிக் கருவின் திசுக்களில் வளர்த்தார். நூறு தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தபோது வைரஸ் வீரியம் இழந்தது. ஆனால் உடலுக்கு எதிர்ப்பு தரும் குணத்தை இழக்கவில்லை. அதற்கு 17டி என்று பெயர். 1937-ல் டைலரும் ஹியூ ஸ்மித்தும் அதை வெளியிட்டார்கள். உடனே பிரேசிலில் லட்சக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. 1940-க்கும் 1947-க்கும் இடையில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக்கூடம் 2 கோடியே 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஊசிக்கான மருந்தைத் தயாரித்தது. டைலர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை.

இடையில் ஒரு பெரிய விபரீதமும் நடந்தது. மருந்து கெடாமல் இருக்க அதில் மனித சீரம் சேர்த்து வந்தார்கள். சீரம் கொடுத்தவர்களில் சிலரிடம் காமாலை வைரஸ் இருந்தது யாருக்கும் தெரியாது. 1942-ல் அமெரிக்கப் போர்வீரர்கள் சுமார் 50 ஆயிரம் பேர் காமாலையால் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். சிலர் இறந்தார்கள். அது ஹெபடைட்டிஸ்-பி என்பது பல ஆண்டுகள் கழித்தே உறுதியாயிற்று. மனித சீரம் இல்லாமலே மருந்து தயாரிக்கும் முறைக்கு உடனே மாறினார்கள். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் உடலில் சேர்க்கும் முன் சோதிக்க வேண்டும் என்று இன்று கடைப்பிடிக்கும் விதிக்குப் பின்னால் இத்தகைய துயரங்கள் உண்டு.

1951-ல் டைலருக்கு நோபல் பரிசு வந்தது. பெரிய மனிதராகி விட்டபோதும் அவர் பழக்கம் மாறவில்லை. நகருக்கு வெளியே குடியிருந்து நியூயார்க்குக்கு வேலைக்கு வந்து போனார். பேஸ்பால் ஆட்டத்தில் புரூக்ளின் அணி என்றால் அவருக்கு உயிர்.

புனாவும் வேலூரும்

அந்த எலிக்கூண்டின் பலன் நம் நாட்டுக்கும் வந்தது. 1952-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து புனாவில் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. 1955-ல் வேலூரில் குழந்தைகளைத் தாக்கிய மூளைக்காய்ச்சல், வயல் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று தெரியவந்தது. இந்தியாவில் அந்த நோய் அறியப்பட்டது அதுவே முதல் தடவை.

1957-ல் இன்னொரு திகில். மைசூர் மாநிலம் ஷிமோகா ஜில்லாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. பயந்தபடி மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று விஞ்ஞானிகள் கலங்கினார்கள். புனா நிலையத்தார் விரைந்து போய்ச் சோதித்தார்கள். அது உண்ணியால் பரவும் புதிய வைரஸ் என்று தெரிந்தது. பின்னாளில் கேரளத்தின் வயநாட்டிலும் தலைகாட்டிய குரங்குக் காய்ச்சல் அதுதான்.

எலிச் சோதனைக்கும் ஒரு குறை இருந்தது. உயிருள்ள வைரஸ் வேண்டும். பல நாள் காத்திருக்க வேண்டும். டைலரின் சகாவான ஜோர்டி கஸால்ஸ் 1950-களில் அதைத் தாண்டினார். எலி மூளையிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ் சத்தைப் பறவையின் ரத்தச் சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1971-ல் ஸ்வீடனில் எலிசா என்னும் முறை வந்தது. பிளாஸ்டிக் தட்டின் சிறு குழிகளில் நிறம் மாறுவதைக் கொண்டு சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் முறை இது. இதில் எலியும் சாவதில்லை, சோதிப்பவரும் சாவதில்லை. புனா நிலையம் 1978-ல் தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் அது எலிசா பரிசோதனைப் பெட்டிகள் தயாரித்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. 2006-ல் ஆலப்புழை பக்கம் சிக்குன்குனியா ஆட்டிவைத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2008-ல் அதே ஆலப்புழையில் அந்நிறுவனம் ஒரு கிளை அமைத்தது.

மட்டாஞ்சேரிக்கு ஒரு பாடம்

தண்ணீர் பிடித்து வைக்காமல் குடும்பம் நடத்த முடியாத மட்டாஞ்சேரிச் சந்துகளில் டிரம்மும் குடமும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். காய்ச்சல் வந்தால் கூலி போய்விடுமே என்று மருந்துக் கடை மாத்திரையோடு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. டெங்கு என்றால் அதுதான் ஆபத்து. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

சோதனையிலும் நாள் கணக்கு உண்டு. காய்ச்சல் கண்ட முதல் 5 நாட்களில் வைரஸின் கூறையே ரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 சோதனை பலன் தரும். 5 நாட்களுக்குப் பிறகுதான் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலிசா சரியாகக் காட்டும். இரண்டாம் நாளே எலிசா எடுத்து, ஒன்றும் இல்லை என்று வந்ததை நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. எனவே டாக்டரிடம் காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மாக்ஸ் டைலர் 1964-ல் யேல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1967-ல் ஓய்வு பெற்றார். 1972 ஆகஸ்டு 11-ந் தேதி நியூ ஹேவன் நகரில் காலமானார். அவருக்கு ஒரே மகள். 17டி ஊசி மருந்து இன்றும் அதே வைரஸ் வழியில்தான் தயாராகிறது. ஒரு தடவை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதும் சான்று செல்லும் என்று 2016 முதல் உலக சுகாதார நிறுவனம் விதியை மாற்றியிருக்கிறது. வில்லிங்டன் தீவில் ஊசி போட்டுக்கொண்டு மஞ்சள் அட்டையைச் சட்டைப் பையில் வைக்கிறவர்களுக்கு டைலர் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். கானா நாட்டு அசிபியின் ரத்தத்தில் தொடங்கிய காவல் அவர்கள் உடலில் இருக்கிறது.